படகுக்குச் சொந்தக்காரி

பட்டறையில் எல்லோரும் அவளை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்று அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும். பஸ் படியின் உயரம், பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பிகளின் இடைவெளி, பள்ளிக்கூட வாசல் கதவின் கொக்கி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்ப்பாள். பூங்காக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஊஞ்சல், சறுக்கு மரம், ஏறி விளையாடும் கம்பி வலை செய்து தரும் பட்டறை அது. அங்கே அவளுக்கு வரைபடம் போடும் வேலை. பெரிய மேஜை, சாய்ந்த பலகை, நல்ல வெளிச்சத்துக்கு வடக்குப் பக்க ஜன்னல். முதலாளி கிறுக்கித் தரும் துண்டுக் காகிதத்தைப் பார்த்து, வெல்டருக்குப் புரிகிற மாதிரி அளவு போட்டு வரைந்து கொடுக்க வேண்டும். பதினான்கு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பிறவியிலேயே பயந்த சுபாவம் அவளுக்கு. கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டிய பிறகுதான் எடுப்பாள். "உனக்குப் பயப்பட ஒரு காரணம் வேணும்னு இல்ல, நேரம் இருந்தாப் போதும்" என்பார் பஸ் கண்டக்டராக இருந்த அவள் கணவர்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் சுபாவம் அப்படியே அவளுக்கும் வந்திருந்தது. பூங்காவில் ஊஞ்சலைக் கண்டால் அழுவாள். சறுக்கு மரத்தின் உச்சி வரை ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நடுங்கிக்கொண்டு நிற்பாள். பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் கத்துவார்கள். பயந்த குழந்தையும் பயப்படாமல் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒன்று செய்ய முடியாதா என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றியது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஐந்து மாதம் வரைந்தாள். தரையிலிருந்து ஒரு முழம்கூட உயராத படகு. அடியில் இரும்புக் கால்கள்மேல் இரண்டு பெரிய ஸ்பிரிங். ஓரங்களில் நான்கு இருக்கைகள். ஒருத்தர் லேசாகச் சாய்ந்தாலே படகு மெல்ல ஆடும். வேகமாக ஆட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் சாயாதபடி நான்கு மூலைகளிலும் ரப்பர் கட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் வரைந்து வைத்தாள்.

முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்து "ம்ம்" என்றார். அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து முதல் படகு ஒரு பூங்காவில் இறங்கியது. படகின் மூக்கில் பித்தளைத் தகடு ஒன்று பளபளத்தது. 'வடிவமைப்பு' என்று போட்டு அதற்குக் கீழே முதலாளியின் பெயர்.

திறப்பு விழாவுக்கு வந்த பத்திரிகைக்காரரிடம், ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தபோது பொறி தட்டியதாக முதலாளி கதை சொன்னார். கூட்டத்தின் கடைசியில் நின்று அவள் கேட்டாள். முகம் கொதித்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வாய்க்குப் பூட்டுப் போட்டது. அவர் ஆற்றங்கரையில் நின்றதாக அவளுக்கு நினைவே இல்லை. தண்ணீரைக் கண்டாலே ஜலதோஷம் பிடிக்கும் ஆள் அவர்.

அதையும் சேர்த்து ஆறு வருஷத்தில் ஒன்பது பூங்காக்களில் ஒன்பது படகுகள் வந்தன. எல்லாவற்றிலும் அதே தகடு. நோட்டைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தாள். என்றைக்காவது ஒருநாள் அதை எடுத்து நீட்ட வேண்டும் என்று நினைப்பாள். நினைத்த மாத்திரத்தில் பீரோவைச் சாத்திப் பூட்டிவிடுவாள். கணவருக்கு எல்லாம் தெரியும். மகளிடமும் ஒரு பலவீனமான நேரத்தில் சொல்லிவிட்டாள். அது வகுப்பு முழுக்க "எங்கம்மா செஞ்ச படகு" என்று பீற்றிக்கொண்டு வந்தது. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுடி" என்று அதட்டினாள். அதட்டும்போதே உள்ளுக்குள் இனித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. நிக்கறியே, உட்காரு."

பதினான்கு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"உன்னோட படகு விஷயமாத்தான் பேசணும்" என்றார்.

உன்னோட படகு. ஆறு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்த வாக்கியத்தில் எல்லாம் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு அதுல கையை விட்டுடுச்சு. ஏழு வயசு. ரெண்டு விரல் ஒடிஞ்சிடுச்சாம். பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து வியாழக்கிழமை வர்றாங்க. யார் வரைஞ்சதுன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லலாமா? சொல்லு. உன் உழைப்பை நான் எடுத்துக்கலாமா?"

முதலாளி ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார். படகை யோசித்ததும் வரைந்ததும் அளவு போட்டதும் தான் ஒருத்தியே என்று அவள் எழுதிக் கொடுக்கிற மாதிரி டைப் அடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"நாளைக்குப் போடறேன் சார்" என்று எப்படியோ சொல்லிவிட்டு, தாளைத் தொடாமல் எழுந்தாள். பட்டறை வாசலுக்கு வந்தாள். சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்த சறுக்கு மரங்களையும் கம்பிகளையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் எத்தனை சந்து, எத்தனை முனை, எத்தனை இடுக்கு! இத்தனை நாள் இது தன் கண்ணில் படவில்லையே என்று திகிலாக இருந்தது.

கணவர் அன்று சாயங்கால ஷிப்ட் முடிந்து வந்து, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்.

"தகட்டுல யார் பேரு?"

"அவர் பேரு."

"பட்டறை ரிக்கார்டுல?"

"அவர் பேருதான்."

"அப்புறம் என்ன? கையெழுத்துப் போடாதே. எனக்கு ஒண்ணும் தெரியாது, சொன்னதை வரைஞ்சேன்னு சொல்லு. வேற எங்கயாவது உன் கையெழுத்துல இருக்கா?"

அவள் பீரோவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"அதைக் கிழிச்சுப் போட்டுடு" என்றார் மெதுவாக. "நாளைக்கே குப்பை வண்டியில போயிடட்டும்."

ஆறு வருஷம் யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்து பயந்து பொத்தி வைத்த நோட்டு. இப்போது யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. எடுத்துப் புரட்டினாள். மகள் பென்சிலைப் பிடுங்கிக் கிறுக்கிய கோடு ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தது. கிழிக்க இரண்டு விரலால் ஒரு தாளைப் பிடித்தாள். இரண்டு விரல் என்று மனசு சொன்னதும் கை விலகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். பதினொரு வயதுக்காரிக்கு ஏற்கெனவே செய்தி தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அம்மா, அது நீ செஞ்சதில்லைன்னு சொல்லிடவா?"

"யார்கிட்ட?"

"கிளாஸ்ல. எல்லாரும் கேக்கறாங்க."

"போய்ப் படி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போகாமல், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனாள். அங்கே இருந்தது மூன்றாவது படகு. விபத்து நடந்தது வேறு பூங்காவில். ஆனால் படகு அதே படகு. அவள் போன நேரம் ஐந்தாறு பிள்ளைகள் அதில் ஏறிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் இருக்கையில் உட்காராமல் படகின் நடுவில், தரையில் சப்பணம் போட்டிருந்தான். ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஆட்ட ஆட்ட, படகின் விளிம்புக்கும் இரும்புக் காலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி திறந்து திறந்து மூடியது. அதற்கு மேலே அரையடி தூரத்தில் அந்தப் பிஞ்சு விரல்கள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். ஒன்று அழ ஆரம்பித்தது. பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் எழுந்து வந்தார்.

"ஏம்மா, என்ன இது? பிள்ளைங்க விளையாடுறதுல உங்களுக்கு என்ன? இது என்ன உங்க சொத்தா?"

"ஆமா" என்றாள்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, என்னோடதுதான். நான் செஞ்சது. ஏறாதீங்க, தயவுபண்ணி யாரும் ஏறாதீங்க." துப்பட்டாவைக் கழற்றிப் படகையும் அதன் இரும்புக் காலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கட்டினாள். ஆறு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த வாக்கியம். மேடையில், மைக்குக்கு முன்னால், கைத்தட்டலுக்கு நடுவில் சொல்வதாக நினைத்திருந்தாள். பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி நாலு பேர் பார்க்க, மூக்கு ஒழுக நின்று சொல்லும்படி ஆயிற்று.

குனிந்து படகின் அடியில் பார்த்துவிட்டு, மணல் மூட்டையும் மரக்கட்டையும் கொண்டு வரச் சொல்லி வெல்டருக்குப் போன் போட்டாள். அவர் பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவர். காது கொஞ்சம் மந்தம். மனசு தங்கம். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மணல் மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. ரப்பர் கட்டை எங்க?"

வெல்டர் தலையைச் சொறிந்தார். "முதல் படகுல மட்டும்தாம்மா போட்டோம். சீக்கிரம் தேஞ்சுபோகும், அடிக்கடி மாத்தணும், அது எதுக்கு வேண்டாத வேலைன்னு எடுக்கச் சொல்லிட்டாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவளுக்குத் தெரியாது. படகுகளைத் தூரத்திலிருந்தே பார்ப்பாள். பக்கத்தில் போனால் தகடு கண்ணில் படும் என்று போவதில்லை. அன்றைக்கு முன்பு அடியில் குனிந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்படியானால் தப்பு தன்னுடையது இல்லை! வெல்டர் சிரித்தார். "அவ்வளவுதானே? வா போகலாம். இதைச் சொல்லு, ஆள் மாட்டினாரு."

ஆனால் ஸ்கேல் அக்காவால் அளக்காமல் போக முடியவில்லை. ரப்பர் இருந்திருக்க வேண்டிய நான்கு மூலைகளிலும் அதே அளவு மரக்கட்டையைச் செருகச் சொன்னாள். மணல் மூட்டைகளை இருக்கையில் வைத்து ஆட்டினார்கள். இடைவெளி திறக்கவில்லை. ஐந்து மாதம் போட்ட கணக்கு மயிரிழை பிசகவில்லை. பிறகு மூட்டைகளை எடுத்து, அந்தப் பொடியன் உட்கார்ந்திருந்த மாதிரி நடுவில், படகின் தரையில் வைக்கச் சொன்னாள். வெல்டர் ஓர் ஓரத்தில் நின்று அழுத்தினார். அவள் புல்லில் குப்புறப் படுத்து ஸ்கேலை விட்டுப் பார்த்தாள்.

முக்கால் அங்குலம் இருந்தது. கட்டை இருந்தும் முக்கால் அங்குலம்.

தன் சுண்டுவிரலை விட்டாள். போயிற்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு விரலே போகும்.

படுத்தபடியே இருந்தாள். புல் நுனி கன்னத்தில் குத்தியது. வரைந்த ஐந்து மாதமும் அவள் மனக்கண்ணில் அந்தப் படகில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு குழந்தை. அவள் மகள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, பிடிக்கச் சொன்ன கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற பிள்ளை. நடுவில் சப்பணம் போடுகிற வாலுப்பிள்ளை ஒன்று உலகத்தில் உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏம்மா, எந்திரி" என்றார் வெல்டர். "ஸ்கேலைப் பைக்குள்ள வை. ரப்பர் இல்ல, அதுதான் தப்பு. அதோட நிறுத்திக்க. இதைச் சொல்லணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

வியாழக்கிழமை பாதுகாப்பு ஆபீஸ் ஆய்வாளர் விபத்து நடந்த பூங்காவுக்கே எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எழுதுகிற அட்டையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, படகைச் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலியைத் தள்ளிவிட்டு வந்து நின்றார். கொஞ்சம் தள்ளி அடிபட்ட பிள்ளையின் அம்மா. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வலது கையில் பெரிய கட்டோடு அந்தச் சிறுமி. ஸ்கேல் அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வெள்ளைக் கட்டு எங்கே திரும்பினாலும் கண்ணில் பட்டது.

"இதை வடிவமைச்சது யாரு?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். தகட்டுல என் பேர் இருந்தாலும்..."

"நான்தான்" என்றாள் அவள்.

முதலாளிக்கே திடுக்கென்றது. அவர் கையில் தயாராக வைத்திருந்த, கையெழுத்து இல்லாத தாள் காற்றில் படபடத்தது. அவள் நீல அட்டை நோட்டை நீட்டினாள். அது கைநழுவிக் கீழே விழுந்து, ஆய்வாளரே குனிந்து எடுக்கும்படி ஆயிற்று. அவர் நின்றபடியே பத்து நிமிஷம் புரட்டினார்.

"இதுல நாலு மூலையிலயும் ரப்பர் கட்டை போட்டிருக்கு. இங்க எங்க?"

முதலாளி வெல்டரைப் பார்த்தார். வெல்டருக்குக் காது கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி இருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னார். "எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன். என் தப்பும்தான்."

முதலாளியின் முகம் வெளிறியது. தேய்மானம், பராமரிப்பு என்று ஏதேதோ சப்பைக்கட்டு கட்டினார். ஆய்வாளர் எழுதிக்கொண்டே போனார். அட்டையை மூடிவிட்டு, "சரி, தெளிவா இருக்கு" என்றார்.

அதோடு முடிந்திருக்கும். அவள் தப்பித்திருப்பாள். வெல்டர் கண்ணாலேயே 'வாயைத் திறக்காதே' என்றார்.

இந்த நோட்டைப் பார்த்து ரப்பரை மட்டும் மாட்டி ஒன்பது படகையும் மறுபடி திறந்துவிடுவார்கள். பிள்ளைகள் ஏறும். ஏதோ ஒன்று நடுவில் சப்பணம் போடும்.

"மேடம்" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "ரப்பர் இருந்தாலும் ஆபத்துதான். நடுவுல உட்கார்ந்தா முக்கால் அங்குலம் திறக்கும். நேத்து அளந்தேன். அது என் தப்பு. நான் யோசிக்கல."

அடிபட்ட சிறுமியின் அம்மா மெதுவாக நடந்து வந்து அவளுக்கு எதிரே நின்றாள். அடித்துவிடுவாளோ என்று இருந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை.

"யோசிக்கலன்னு சொன்னா சரியாப்போச்சா?" என்று மட்டும் கேட்டாள் அந்த அம்மா. "என் பொண்ணு எழுதுற கை அது."

ஸ்கேல் அக்கா தலைகுனிந்தாள். சரியாகப் போகவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே பட்டறையில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டு எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்களா?" என்று கேட்டார். "தெரியல" என்றாள். ஐந்து மாதம் அப்படித்தான் போனது. வாசலில் மணி அடித்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தபால்காரர் தெருவில் திரும்பினால் அவள் ஜன்னலை விட்டு விலகிக்கொள்வாள். வகுப்பில் மகளோடு இரண்டு பேர் பேசுவதில்லை. "நான் இல்லைன்னு சொல்லலம்மா. எங்கம்மா செஞ்சதுதான்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள். பெருமைப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் அறிக்கை வந்தது. பெரிய குற்றம் ரப்பரை எடுத்தவர்களுடையது, ஆனால் வரைபடத்திலும் குறை உண்டு என்று இரண்டையும் எழுதியிருந்தார் ஆய்வாளர். வழக்கு முதலாளியின் மேல்தான். ஒன்பது படகையும் திருத்தாமல் திறக்கக் கூடாது, திருத்தத்தை யார் வரைகிறார்களோ அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் பெயரே தகட்டில் இருக்க வேண்டும். பட்டறைக்கு வேறு வழியில்லை. வெல்டரைத் தூது அனுப்பினார்கள்.

படகின் விளிம்பைச் சுற்றித் தரை வரை தொங்குகிற கனமான ரப்பர் பாவாடை ஒன்றை வரைந்தாள். இந்தத் தடவை வீட்டு மேஜையில் அல்ல. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, தெருவில் இருக்கிற வாலுப்பிள்ளைகள் எல்லாம் எப்படி ஏறுகின்றன, எங்கே தொங்குகின்றன, எதை எங்கே நுழைக்கின்றன என்று மூன்று வாரம் பார்த்தாள். ஒரு பயல் கம்பிச் சந்தில் தலையை விடுவதைப் பார்த்து அவளுக்கு மயக்கமே வந்தது. அதையும் குறித்துக்கொண்டாள். ஒன்பது பூங்காவுக்கும் அவளும் வெல்டருமாகப் போய், ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றிலும் நடுவில் மூட்டையை வைத்து அளந்தார்கள்.

தகடு வந்தபோது வெல்டர் அதை வேட்டியால் துடைத்து அவளிடம் காட்டினார். பித்தளையில் அவள் பெயர்.

"இதுக்குத்தானேம்மா இத்தனை வருஷம் வெந்துக்கிட்டு இருந்த? சிரியேன்."

"பயமா இருக்குண்ணே."

"இன்னும் என்ன பயம்?"

"இனிமே எது நடந்தாலும் நேரா என்னைத்தானே தேடி வருவாங்க."

வெல்டர் திருகாணியை முடுக்கினார்.

மாதம் ஒருமுறை ஒன்பதையும் போய்ப் பார்த்துவிட்டு வருவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. விபத்து நடந்த பூங்காவுக்கு ஒருநாள் போனபோது அந்த அம்மாவும் சிறுமியும் அங்கே இருந்தார்கள். அவள் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அந்த அம்மா பார்த்துவிட்டாள். கூப்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சிறுமி படகில் ஏறவில்லை. பக்கத்தில் நின்று காலால் உந்தி உந்தி அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் இன்னும் லேசாக வளைந்துதான் இருந்தது.

"ஆன்ட்டி, இதுல ஏன் மணி இல்ல?" என்றாள் திடீரென்று.

"மணியா?"

"ஆடுறப்ப அடிக்கும்ல? அப்ப பக்கத்துல வராதீங்கன்னு மத்தவங்களுக்குத் தெரியும்."

ஸ்கேல் அக்கா நின்றுவிட்டாள். பதினான்கு வருஷ அனுபவக்காரிக்குத் தோன்றாதது. "அதை நான் போடலாமா?" என்று கேட்டாள். சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தோளைக் குலுக்கினாள். சிறுமி தலையாட்டினாள்.

"உன் பேர் என்ன? எழுத்துக்கூட்டிச் சொல்லு."

பெஞ்சில் உட்கார்ந்து, புது நோட்டில் மணியை வரைந்து, 'யோசனை' என்று போட்டு அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, தேதியும் போட்டாள். சிறுமி எட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

மணியின் நாக்கு கழன்று விழுந்தால் எந்தப் பிள்ளையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுமோ என்ற பயம் வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க அவளுக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று.